தர்சியின் கலியாண அட்டைகள்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் நகர நூலகத்தில் ஒரு பிளாஸ்ரிக் தகடு வெடித்தது.

டென்மார்க்கின் மேற்கே, காற்றைத் தவிர வேறு எதுவும் அதிகமில்லாத ஒரு சின்ன நகரம் இது. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு செவ்வாய் நூலகத்தில் வாழ்த்து அட்டை செய்யப் பழக்குகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற டெனிஷ் பெண்கள். மேசை நடுவில் கைப்பிடி வைத்த ஒரு உருளை இயந்திரம் இருக்கும். எம்போசிங் போல்டர் என்பது இரண்டு பிளாஸ்ரிக் ஏடுகள். ஒன்றில் மேடு, மற்றதில் அதே வடிவில் பள்ளம். நடுவில் மட்டையை வைத்து, மேலும் கீழும் தகடு கொடுத்து உருளைக்குள் தள்ளிச் சுழற்றினால், மட்டையில் பூவும் கொடியும் புடைத்துக்கொண்டு வெளியே வரும். கிர்ஸ்டன் என்ற மனுசி அன்று ஒரு தகடு கூட வைத்துவிட்டாள். கைப்பிடி இறுகியது. அவள் எழும்பி நின்று உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தாள். தகடு நடுவால் பிளந்தது. துவக்கு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி தூக்க வந்திருந்த என் மகள் ஆரணி சிரிக்கவில்லை. கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு எழும்பினாள். ஒரு கையால் என்னைத் தனக்குப் பின்னால் இழுத்தாள். மறு கையில் மேசையில் கிடந்த கத்தரிக்கோல். கூர் வாசல் பக்கம் பார்க்க, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு கோப்பி ஊற்றும்போது கிர்ஸ்டன் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், இது உங்கள் நாட்டுப் போரினாலா என்று.

"இல்லை, போர் முடிந்து கனகாலம்" என்றேன். "இது கலியாண அட்டை செய்யப் போன இடத்தில் நடந்தது."

என்னுடைய டெனிஷ் பிழைத்துவிட்டது என்று நினைத்து, திரும்பச் சொல்லச் சொன்னாள்.

2

என் தங்கை வதனி கொடிகாமத்தில் இருக்கிறாள், சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில். புருசன் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் மேசை போட்டு, பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று கையால் அட்டை செய்து யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும் அயலுக்கும் கொடுக்கிறவள். வெட்டி ஒட்டுகிற வேலைதான் அவள் அதுவரை செய்தது. நான் தொலைபேசியில் என்னுடைய புடைப்பு வேலைகளைக் காட்டக் காட்ட, "எனக்கும் உது வேணும் அக்கா" என்று நின்றாள். இரண்டு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறைக்குப் போனபோது ஒரு இயந்திரத்தையும் கொஞ்சப் போல்டர்களையும் பெட்டிக்குள் சேலைகளால் சுற்றிக் கொண்டுபோனேன். விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் அதை வெளியே எடுத்து வைத்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். இடியப்பம் பிழிகிறதா என்று கேட்கிறார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. நான் "ஓம்" என்று சொல்லிவிட்டிருந்தேன். ஆரணி பக்கத்தில் நின்று தலையில் கைவைத்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. டென்மார்க்கில் பிறந்தவள். ஹாண்ட்போல் என்கிற கைப்பந்து விளையாடுகிறவள், கோல் காவலுக்கு நிற்கிறவள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். இருவரும் அதைப் பேசித் தீர்த்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. கொடிகாமம் வந்த நாள் தொடக்கம் ஃபோனும் கையுமாக மூலையில் இருந்தாள்.

வதனி முதல் தடவை அழுத்தியபோது பிறிஸ்டல் போர்ட் மட்டை மடிப்புகளில் வெடித்துவிட்டது. ஈரப்பதம் கொடுக்க வேண்டும் என்று காட்டினேன். மருந்தடிக்கிற சின்னப் போத்தலில் தண்ணீர் எடுத்து, மட்டைக்கு மேலே காற்றில் விசிறி, அது படிந்து மட்டை சற்றுத் தளர்ந்த பிறகு அழுத்தினால் வெடிப்பு வராது. போல்டரின் உட்புறம் ஒரு பக்கத்துக்கு மட்டும் மை பூசி அழுத்தினால் பள்ளம் நிறமாகவும் பூ வெள்ளையாகவும் வரும். பக்கத்தை மாற்றிப் பூசினால் பூ நிறமாக வரும். நிற மட்டையை அழுத்திவிட்டு மேடுகளை மட்டும் அரத்தாளால் மெல்லத் தேய்த்தால் உள்ளே இருக்கிற வெள்ளை எட்டிப் பார்க்கும். தகட்டைச் சிறிதாக வெட்டி வைத்தால், தகடு இருக்கிற இடத்தில் மட்டும் பூ விழும். மிச்சம் வெறுமையாக இருக்கும், அந்த வெறுமையில் பெயர்களை எழுதலாம்.

இவ்வளவும் நான் சொன்னது. மூன்றாம் நாள் வதனி தேயிலைப் பைக்கற்றின் உட்பக்க வெள்ளித் தாளை போல்டருக்குள் வைத்து அழுத்தி, அதன்மேல் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை அப்பி, துணியால் துடைத்துவிட்டாள். பள்ளங்களில் கறுப்புத் தங்கி, பழைய வெள்ளிச் செம்பின் சித்திரம் மாதிரி நின்றது. ஆரணி ஃபோனை வைத்துவிட்டு எழும்பி வந்தாள்.

"சின்னம்மா, நானும் ஒண்டு சுத்தட்டா?"

அவள் அந்தக் கிழமையில் சொன்ன முதல் முழுத் தமிழ் வசனம் அது.

3

அயல் ஒழுங்கையில் இருக்கும் தர்சி என்ற பெண், முன்பள்ளி ஆசிரியை, தன் கலியாண அட்டைகளை வதனியிடம் கேட்டிருந்தாள். வெள்ளையில் வெள்ளைப் பூ, மினுக்கம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஒரு நாள் காலை வந்தவள் வாசலிலேயே நின்று கதைத்தாள்.

"அன்ரி, காட் இஞ்சை செய்யிறதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒருத்தன் கரைச்சல் குடுக்கிறான். என்னை வேறை ஆரும் கட்டக் கூடாதாம்."

"பொலிசுக்குச் சொன்னனியோ?" வதனி கேட்டாள்.

"சொன்னது அன்ரி. அவனைக் கூப்பிட்டு ஏசி விட்டவை."

மறுநாள் பின்னேரம், வெயில் இன்னும் இறங்கவில்லை. வதனி சுற்ற, ஆரணி மட்டைக்குத் தண்ணீர் விசிற, நான் முடிந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆரும் அட்டை கேட்டு வருகிறார்கள் என்று நினைத்தோம். படலையை உதைத்துத் திறந்தார்கள். நான்கு பேர், முகத்தில் துணி, கையில் வாள். லொறி வில்லுத் தகட்டில் அடித்த வாள் என்று பிறகு பொலிசார் சொன்னார்கள். முதல் வெட்டு யன்னல் கண்ணாடிக்கு. அடுத்தது கதவுக்கு. மூன்று பேர் முற்றத்தில் பூச்சாடிகளையும் வதனியின் ஸ்கூட்டரையும் அடித்து நொறுக்க, ஒருவன் மட்டும் உள்ளே வந்தான்.

"ஆரடி தர்சின்ரை காட் செய்யிறது?"

வதனி எழும்பினாள். "நான்தான். நீ ஆர்?"

"அந்தக் கலியாணம் நடக்காது. எல்லாத்தையும் எடு இஞ்சை."

"தரமாட்டன். கேட்டவளுக்குத்தான் குடுப்பன்."

அவன் அட்டை அடுக்கின்மேல் வாளை ஓங்கினான். வதனி குறுக்கே கையை வைத்தாள். நினைத்து வைத்ததா, கை தானாகப் போனதா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. வாள் இறங்கியது. நான் அலறினேன். அவள் அலறவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அது வேறு ஆருடையதோ போல. சுண்டு விரல் மேசையில் கிடந்தது. மோதிர விரல் தோலில் தொங்கியது. இரத்தம் அட்டைகளில் ஓடி, பூக்களைச் சுற்றியிருந்த பள்ளங்களில் நிரம்பி நின்றது. பூக்கள் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தன.

அவன் திரும்பவும் ஓங்கினான். அதற்குள் ஆரணி மேசைக்கு மேலால் பாய்ந்துவிட்டாள். அவன் முகத்துத் துணியைப் பற்றி இழுத்ததில் அது கழுத்துக்கு இறங்கியது. வாள் பிடியால் அவள் கன்னத்தில் இடித்தான். அவள் விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தாள். நான் இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினேன். அவன் கத்திக்கொண்டு சரிந்தான். மற்றவர்கள் வந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

விரலை ஆரணிதான் எடுத்தாள். கழுவி, பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் கட்டிக்குள் வைத்து, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். விளையாட்டுக் கழகத்தில் படிப்பித்த முதலுதவி. அவள் கன்னம் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

4

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்தார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. நடுவிரல் இருக்கிறது, மடங்காது.

தர்சிக்குக் கரைச்சல் கொடுத்தவன்தான் அவன்; பிடிப்பது கடினமாக இருக்கவில்லை. தொண்டைமானாற்றில் உறவினர் வீடொன்றில், முழங்கால் வீங்கி நடக்க ஏலாமல் கிடந்தான். மற்ற மூவரையும் அவன் காட்டிக் கொடுக்கவில்லை. முகம் கண்டவள் ஆரணி மட்டும்; நான் வாளையே பார்த்தேன், வதனி தன் கையை. பொலிஸ் நிலையத்தில் அவளைத் தனியே இருத்தி வாக்குமூலம் எடுத்தார்கள். பிறகு அடையாள அணிவகுப்பு. வரிசையில் நின்றவர்களுக்குள் நேரே போய் அவனைத் தொட்டாள். நான் இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

அவனுக்குப் பிணை கிடைத்தது. எங்கள் சட்டத்தரணி, ஒரு வயதான மனிதர், எங்களை இருத்தி ஆரணியின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வசனம்: "எனக்கு அவரைத் தெரியும்."

"தங்கச்சி, உமக்கு முந்தியே தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார்.

ஆரணி விழித்தாள். "ஓம். தெரியும். முகம் பாத்தனான்."

பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. டெனிஷில் ஒருவரை முன்பே அறிந்திருப்பதும், பார்த்ததும் இன்னார் என்று கண்டுகொள்வதும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். முன்னால் ஒரு சின்ன அசை கூடும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அவளுக்குத் தமிழில் இரண்டுக்குமாகக் கிடைத்தது ‘தெரியும்’ என்ற ஒரு சொல். எழுதினவர் அவள் சொன்னதைத்தான் எழுதினார். வாசித்துக் காட்டியபோது அவள் தலையாட்டிக் கையெழுத்தும் வைத்திருந்தாள்.

"உதாலை என்ன வரும் ஐயா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச ஆளை வரிசையிலை காட்டுறது ஒரு பெரிய சாட்சியில்லை எண்டு அவை சொல்லுவினம். பெட்டைக்கும் பெடியனுக்கும் ஏதோ தொடர்பு, அதிலை வந்த சண்டை எண்டும் சொல்லுவினம்."

அப்படியே சொன்னார்கள். அவர்கள் சட்டத்தரணிக்கு முதலே ஊர் சொல்லத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுப் பெட்டை, ஃபோனில் பழக்கமாம், விட்டிட்டாளாம், அதாலை வந்த கோபமாம். தர்சியின் பெயரே அந்தக் கதையில் இல்லை. கடையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் ஒரு மனுசி என் முகத்துக்கு நேரே கேட்டாள், "மகளைக் கவனமா வளத்திருக்கலாமே?" என் கையில் இருந்த பாணை நான் நசித்திருந்தேன். வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

5

வதனி வார்ட்டில் இருந்த நாட்களில் நானும் ஆரணியும் முன்னறையைக் கழுவினோம். கண்ணாடி பொறுக்கினோம். இரத்தம் படாத அட்டைகளைத் தனியே எடுத்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது. ஆரணி ஒன்றும் கேட்காமல் புது மட்டையை வெட்டி, தண்ணீர் விசிறி, போல்டருக்குள் வைத்தாள். இயந்திரத்தின் ஒரு கால் நெளிந்திருந்தது, அதற்குக் கீழே பலகைத் துண்டு கொடுத்தாள். வீங்கிய கன்னத்தோடு பிடிவாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தர்சிக்குச் சொன்ன நாளில், சந்நிதி கோயிலில், வாசலில் பொலிஸ் நிற்கக் கலியாணம் நடந்தது. வதனி கையை மார்போடு கட்டியபடி முன்வரிசையில் இருந்தாள். சாப்பிடும்போது தர்சி வந்து தன் கையால் அவளுக்கு ஊட்டிவிட்டாள். இருவரும் அழவில்லை, நான்தான் அழுதேன்.

நாங்கள் திரும்பிப் போவதற்கு முன் அவனுடைய தாய் வந்தாள். ஒரு சீப்பு கதலிப் பழத்தோடு விறாந்தையில் நின்றாள்.

"பிள்ளை, அவன் கோவக்காறன். மனசிலை ஒண்டும் வைச்சிருக்கிறவன் இல்லை. உங்கடை அக்காவின்ரை மகள் மட்டும் கொஞ்சம் மாத்திச் சொன்னால்..."

வதனி கட்டுப் போட்ட கையை நீட்டினாள். "அவிட்டுக் காட்டட்டே?"

மனுசி பார்க்கவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே மஞ்சளும் நீலமுமாகக் கண்டல்கள். பழசின்மேல் புதிசு.

"பிணையிலை வந்த அண்டைக்கு" என்றாள்.

வதனி அவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப அவன் உள்ளுக்குக் கிடக்கட்டும் அம்மா. ரெண்டு பேருக்கும் நல்லது."

மனுசி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

டென்மார்க்கில் எங்களை வரவேற்றது கொம்யூன் என்கிற நகரசபையின் கடிதம். ஆரணி வகுப்புகளுக்குப் போகாத காரணத்தைக் கேட்டு, பெட்டிகளில் புள்ளடி போடச் சொல்லியிருந்தார்கள். வேலை விபத்து, வீதி விபத்து, விளையாட்டு, மற்றவை. ‘மற்றவை’யில் போட்டோம். ‘மற்றவை’ என்றால் என்ன என்று கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. அவள் ஒரு பக்கம் டெனிஷில் எழுதினாள். வாள் என்ற சொல்லை நம்பாமல் ஒரு உத்தியோகத்தர் தொலைபேசி எடுத்து, சமையல் கத்தியைத்தானே சொல்லுகிறீர்கள் என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வகுப்பால் வந்ததும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஃபோனில் வதனியோடு கதைத்தாள். முதலில் அவளுக்கு உதவி செய்வதாகத்தான் தொடங்கியது. ஒற்றைக் கையால் அட்டை செய்கிறவர்கள் என்னென்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடிச் சொன்னாள். மட்டை நழுவாமல் இருக்க அடியில் இறப்பர் பாய் போடுவது, போல்டரைத் திறக்க உடுப்புக் கிளிப் வைப்பது. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுவது வதனிக்கு இனி ஏலாது. அதனால் ஒட்டுவதையே விட்டுவிட்டாள். ஒரே மட்டை, ஒரே வெள்ளை, அழுத்தம் மட்டும். ஒரு போல்டரில் அழுத்தியதைத் திருப்பி வைத்து, வேறொன்றில் சின்னத் தகட்டால் இன்னொரு மூலையை அழுத்துவாள். பூ ஒரு இடத்தில் எழும்பியும் இன்னொரு இடத்தில் தாழ்ந்தும் நிற்கும். யன்னல் பக்கம் சரித்துப் பிடித்தால்தான் முழுவதும் தெரியும். கடைகள் அதைத்தான் இப்போது கேட்கின்றன.

கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டேன். இடைக்கிடை தமிழ்ச் சொற்கள். "முகம். தழும்பு. துணி அவிண்டது. அடையாளம்." வதனி சொல்ல, அவள் திரும்பச் சொல்லுவாள். "அடையாளம் காட்டுறன். அடையாளம் காட்டினான்." "காட்டினான் இல்லையடி, காட்டினனான்!" காட்டினான் என்றால் அவன், காட்டினனான் என்றால் நான். இருவரும் சிரிப்பார்கள். நான் இருபது வருடம் கெஞ்சியும் வராத தமிழ் எங்கள் வீட்டுக்கு இப்படி வந்தது. அதற்காகச் சந்தோஷப்படுகிற தைரியம் எனக்கு இல்லை.

6

வழக்கு விசாரணைக்கு ஆரணி கட்டாயம் போக வேண்டும் என்று இல்லை, மறுத்திருக்கலாம். அவள்தான் பயணச்சீட்டு எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

நீதிமன்றத்தில் அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசி நின்றான். அவனுடைய சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு இவரைத் தெரியும் என்று பொலிசுக்குச் சொன்னீர்கள்தானே?"

"ஓம், சொன்னனான்."

"அது பொய்யா?"

"பொய் இல்லை. பிழை." அவள் கைகள் கூண்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. "அப்ப எனக்குத் தமிழ் காணாது. இவரை எனக்குத் தெரியாது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. இவர் என்ரை சின்னம்மாவின்ரை கையை வெட்டினவர். நான் துணியை இழுத்து முகத்தைப் பாத்தனான். இப்ப அடையாளம் காட்டுறன். இவர்தான். கையிலை நான் கடிச்ச தழும்பு இருக்கும், பாருங்கோ."

நீதவான் கையைக் காட்டச் சொன்னார். அவன் காட்ட மறுத்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் சேட்டுக் கையை உயர்த்தினார். மணிக்கட்டில் பிறை வடிவில் இரண்டு வரிசை.

அதற்குப் பிறகு இரண்டு தவணை விசாரணை நடந்து, தீர்ப்பு வந்தது. உள்ளே இருக்கிறான். வெளியே வருகிற நாளும் வரும். மற்ற மூவரும் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

சாட்சி சொன்ன அன்று அவனைக் கூண்டில் இருந்து இறக்கும்போது ஆரணியைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். அவளுக்கு அது விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் கண்டி வீதியால் கொடிகாமம் வந்தோம். வதனி முன் இருக்கையில், நாங்கள் பின்னால். ஆரணி வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு, டெனிஷை விட்டு, தமிழில் சொன்னாள்.

"அம்மா, எனக்கு அவனைக் கொல்லவேணும் போலை இருந்தது. கையிலை ஏதும் இருந்தா கொன்றிருப்பன். பொய் இல்லை."

இப்படி ஒரு வசனத்தைத் தாய் ஒருத்தி எப்படி ஏற்பது? அப்படிக் கதைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எனக்கும்தான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் மகள் என்னை அப்படிப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

முன்னால் இருந்த வதனி கழுத்தைத் திருப்பவில்லை. மூன்று விரல் கையால் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்:

"எனக்கில்லை எண்டு நினைச்சியளோ? ஒவ்வொரு நாளும் காலமை எழும்பினவுடனை முதல் நினைப்பு அதுதான். பிறகு பல்லுத் தீட்ட வேணும், மட்டை வெட்ட வேணும்." கொஞ்சம் பொறுத்து, "இறங்கிற இடம் வருகுது. ஆரணி, மணியை அடி" என்றாள்.

ஆரணி எட்டி மணியை அடித்தாள், தேவைக்கு மேலே, திரும்பத் திரும்ப, சாரதி ஏசும்வரைக்கும்.